சிவப்பு முனை வலது கைக்கு

படக்காரப் பெண் அனுப்பிய பட்டியல் நீளமாக இருந்தது. மகள் அதைச் சத்தமாகப் படித்தாள். மேஸ்திரி சுவரில் சாய்ந்து, முட்டி இரண்டையும் நீட்டிப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“கோடு போட்ட சட்டை வேணாம். கட்டம் போட்டதும் வேணாம். கேமராவுல கண்ணக் கூசும்.”

“எங்கிட்ட இருக்கிறதே கோடும் கட்டமுந்தானே?”

“நகம் வெட்டணும். மீசை ஒழுங்கா இருக்கணும். வேலை சாமான் எல்லாம் கழுவித் தொடச்சு எடுத்துட்டு வரணும். நீங்க செஞ்சதுலயே நல்ல வேலை இருக்கிற எடம் ஒண்ணு வேணும், அங்க ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. முக்கியமா, முந்தின நாள் நல்லாத் தூங்கி எழுந்து வரணும்.”

“இந்தக் கடைசி விஷயத்த இருபத்தாறு வருஷத்துல எவனும் எங்கிட்டச் சொன்னதில்ல” என்றார் மேஸ்திரி.

டைல்ஸ் மேஸ்திரி அவர். சுவர், தரை, படிக்கட்டு, குளியலறை என்று குந்தி உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவர். அவர் முகம் தெளிவாகத் தெரிகிற படம் உலகத்தில் இரண்டுதான் இருந்தது. ஒன்று கல்யாணத்தில் எடுத்தது, மற்றது அடையாள அட்டைக்கு எடுத்தது. முதலாவதில் மாட்டிக்கொண்ட திருடன் மாதிரி இருக்கிறார், இரண்டாவதில் தப்பித்து வந்த திருடன் மாதிரி இருக்கிறார் என்பாள் அவர் மனைவி.

மூன்றாவது படத்துக்கு இப்போது அவசியம் வந்திருந்தது. நாற்பது வீடு கொண்ட அடுக்குமாடி ஒன்றைக் கட்டுகிற கம்பெனி டைல்ஸ் வேலைக்கு ஆள் தேடியது. செய்த வேலையின் படமும், செய்தவரின் படமும் திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும், வாயால் சொல்வதைக் கேட்க நேரமில்லை என்று அதன் எஞ்சினியர் சொல்லிவிட்டார். நாற்பது வீடு என்றால் இரண்டு வருஷத்துக்கு அடுப்பு எரியும். தேய்ந்த முட்டியைத் தூக்கிக்கொண்டு வாரத்துக்கு ஒரு தெரு அலைய வேண்டாம். அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மகள் இரண்டே நாளில் அப்பாவின் தொழிலுக்கு ஒரு பெயர் வைத்தாள், அட்டை அடித்தாள், ஒட்டுவதற்கு ஸ்டிக்கரும் போட்டாள். எல்லாவற்றின் அடியிலும், அவர் வாயில் ஓயாமல் வருகிற சொல்லையே அச்சிட்டிருந்தாள்: நூல் பிசகாது.

எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். தன் வேலையில் ஒரு நூல்கூடப் பிசகாது என்று அவர் மார்தட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒரு ரசமட்டம். இரண்டடி நீளம். நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் பச்சைத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு குமிழி. குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் மட்டம், தள்ளி நின்றால் கோணல். முதல் முதலாக வாங்கின முழுக்கூலியில் வாங்கியது. ஒரு முனையில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தார். சிவப்பு முனை எப்போதும் வலது கைக்குத்தான் வரும். மாற்றிப் பிடித்து யாரும் பார்த்ததில்லை. இன்னொருவர் அதைத் தொடவும் விடமாட்டார். “பொண்டாட்டிய விட்டாலும் விடுவேன், ரசமட்டத்த விடமாட்டேன்” என்பார், மனைவி காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

கூட வேலை செய்வது மனைவியின் தம்பி. நாற்பதைத் தொடப்போகிற ஆள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டான். வாயில்லாப் பூச்சி என்று ஆரம்பித்தார்கள். வாயில்லா என்பதும் உதிர்ந்து இப்போது வெறும் பூச்சி. அவன் பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் குழாய் சுருண்டு கிடக்கும். அதில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், எத்தனை அடி தள்ளிப் பிடித்தாலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். மட்டம் பார்க்க அது பழைய வழி. மேஸ்திரிக்கு அதைக் கண்டால் இளக்காரம். “வந்துட்டாண்டா பாம்பாட்டி, பாம்பத் தூக்கிக்கிட்டு” என்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, மனைவி அவர் தலைக்கும் மீசைக்கும் சாயம் பூசினாள். காலியான சாயச் சீசாவைச் சமையல் மேடையில் படுக்க வைத்தாள். அது ஒரு நொடி யோசித்தது. பிறகு மெல்ல உருண்டு, மேடையின் இடது கோடிவரை போய், கீழே விழுந்து உடைந்தது.

“பாத்தீங்களா? எத வச்சாலும் அந்த மூலைக்கே ஓடுது. நேத்து முட்டை. முந்தாநாள் வெங்காயம். ஒரு வருஷமா கத்தறேன், மேடை சரிவா இருக்குன்னு.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ரசமட்டம் வச்சு நானே போட்ட மேடைடி இது. நீ வக்கிற கை கோணல்.”

“அந்தக் கோணல் கைதான் இப்ப உங்க மீசைல இருக்கு. ஞாபகம் வச்சுக்கோங்க.”

மேஸ்திரி முகத்தை அசைக்காமல் நீட்டிக் கொடுத்தார்.

வாசலில் பூச்சி சாமான்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கரணை, ரப்பர் சுத்தியல், டைல்ஸ் வெட்டுகிற கட்டர் எல்லாம் புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வரிசையில் கிடந்தன. மேஸ்திரி தலையில் துண்டோடு வெளியே வந்து பார்த்தார். மனது குளிர்ந்தது.

“மாப்ள, இன்னிக்கு உனக்கு ஒரு வரம் தர்றேன். ரசமட்டத்தையும் நீயே தொடச்சு வையி.”

பூச்சியின் கை அப்படியே நின்றது. “வேணாம் மாமா. நீங்களே தொடைங்க.”

“பயமாடா?”

“ஆமா.”

மரியாதை தெரிந்த பிள்ளை என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார். தானே துடைத்தார். வேலை நேரத்தில் வெளியே பார்த்தபடி இருக்கும் பக்கத்தில் சிமென்ட் கறை ஏறி, எத்தனை தேய்த்தும் போகவில்லை. சுவரை ஒட்டி இருக்கும் பக்கம் மட்டும் சுத்தமாக இருந்தது. மகள் சுத்தமான பக்கமாகப் பார்த்து ‘நூல் பிசகாது’ ஸ்டிக்கரை ஒட்டினாள்.

அவருடைய நல்ல வேலை எது என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. பல் டாக்டரம்மாவின் கிளினிக். அங்கே நோயாளிகள் காத்திருக்கிற கூடத்தில் இருபதடி நீளத்துக்கு ஒரே சுவர். தரையிலிருந்து கூரைவரை கருநீல டைல்ஸ். இடுப்பு உயரத்தில், அரை விரல் வெளியே நீட்டிக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வெள்ளைப் பட்டி. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் போட்டது. அந்தச் சுவரை அவர் ஒற்றை ஆளாகப் போட்டார். “இந்தச் சுவத்துல உன் கை படக் கூடாது” என்று பூச்சியைப் பின்பக்கத்துக் கழிப்பறை வேலைக்கு அனுப்பிவிட்டார். முடிந்த அன்று டாக்டரம்மா சுவரைப் பார்த்து, “நகை மாதிரி இருக்கு” என்றார். அந்த ஒரு வார்த்தையை மேஸ்திரி இன்னும் செலவழிக்காமல் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளினிக்கில் யாரும் இல்லை. சாவியைக் கொடுத்துவிட்ட டாக்டரம்மா, மத்தியானம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். படக்காரப் பெண் மூன்றுகால் தாங்கியை நிறுத்தி, கேமராவைப் பொருத்தி, பக்கத்தில் மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தாள். கேமரா பார்ப்பதெல்லாம் அதில் தெரிந்தது. படத்தின் மேல் நேர்க்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின.

மேஸ்திரி கோடும் கட்டமும் இல்லாத புதுச்சட்டையில் விறைத்துப்போய் நின்றார். சும்மா நிற்கத் தெரியாமல் சுவரின் கதையைச் சொன்னார்.

“மேல பாருங்க கண்ணு. கூரை போட்ட கொத்தனார் குடிச்சிட்டுப் போட்டிருக்கான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு அங்குலத்துக்கு மேல வித்தியாசம். நான் கடைசி வரிசையில ஒவ்வொரு டைல்ஸையும் சாய்வா வெட்டி, கண்ணுக்குத் தெரியாம சரி பண்ணினேன்.”

படக்காரப் பெண் கேமராவைத் தொட்டாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். மறுபடி கேமராவைத் தொட்டாள். தாங்கியின் ஒரு காலை நீட்டினாள், சுருக்கினாள்.

“என்னக்கா?” என்றாள் மகள்.

“இந்த வெள்ளைப் பட்டி நேரா வரமாட்டேங்குது. இடது பக்கம் எறங்குது.”

“உங்க மூணுகாலிக்கு ஒரு கால் நொண்டி போல” என்றார் மேஸ்திரி சிரித்துக்கொண்டே.

“இல்லண்ணா. இதுலயும் குமிழி இருக்கு, பாருங்க, நடுவுல நிக்குது. கேமராவும் நேரா இருக்குன்னுதான் காட்டுது. ஜன்னல் நேரா இருக்கு. கூரை நேரா இருக்கு. சுவரு மட்டுந்தான்...”

“கூரை நேரா இருக்கா?” மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. “ஏம்மா, நான் இருபத்தாறு வருஷமா மட்டம் பாக்கறவன். உங்க டப்பா நேத்து வந்தது. ஒரு நிமிஷம் இருங்க.”

பையைத் திறந்தார். துணியில் சுற்றியிருந்த ரசமட்டத்தை எடுத்தார். சிவப்பு முனை வலது கைக்கு. வெள்ளைப் பட்டியின் மேல் வைத்தார். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் போய், பூனை மாதிரிச் சொகுசாகப் படுத்துக்கொண்டது.

“வந்து பாருங்க. எல்லாரும் வந்து பாருங்க. பொய் சொல்லுதா இது?”

படக்காரப் பெண் குனிந்து பார்த்தாள். முகம் சிவந்தது. “மன்னிச்சுக்கோங்கண்ணா. எங்கிட்டதான் ஏதோ கோளாறு போல” என்று தன் கேமராவைத் துருவ ஆரம்பித்தாள். மேஸ்திரிக்கு ஒரு முழம் வளர்ந்த மாதிரி இருந்தது. கதவோரம் நின்ற பூச்சியைப் பார்த்துக் கண்ணடித்தார். பூச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி, அது அப்படியே இருக்கட்டும். ரசமட்டத்தோட ஒரு படம் எடுக்கலாம்” என்றாள் அவள். “கையை அதுமேல வச்சு இங்க பாருங்க. ஐயோ, ஸ்டிக்கர் சுவத்துப் பக்கம் போயிடுச்சே. திருப்பி வைங்கண்ணா.”

“திருப்பக் கூடாது. சிவப்பு முனை வலது கைக்கு.”

“அப்பா” என்றாள் மகள், “ஒரே ஒரு படத்துக்கு. அந்த ஸ்டிக்கருக்காகத்தான நான் ரெண்டு நாள் மண்டையை உடைச்சிக்கிட்டேன்?”

பெற்ற பெண் கேட்டால் என்ன செய்வது? மேஸ்திரி ரசமட்டத்தைத் தூக்கினார். முனை மாற்றித் திருப்பினார். சிவப்பு இடது கைக்கு வந்தது. அதே இடத்தில், அதே பட்டியின் மேல் வைத்தார்.

குமிழி நடுவில் நிற்கவில்லை. ஓடிற்று. கோட்டைத் தாண்டி, குழாயின் ஓரத்துக்கே போய் ஒட்டிக்கொண்டது.

தூசி இருக்கும் என்று நினைத்தார். புதுச்சட்டையின் நுனியால் பட்டியைத் துடைத்தார். வைத்தார். குமிழி ஓடிற்று. திருப்பி, சிவப்பை வலது கைக்குக் கொண்டுவந்து வைத்தார். நடுவில் நின்றது. மறுபடி மாற்றினார். ஓடிற்று.

மட்டமான இடத்தில் மட்டமான கருவியை எப்படித் திருப்பி வைத்தாலும் குமிழி நடுவில்தான் நிற்க வேண்டும். இது தொழிலுக்கு வந்த முதல் வாரம் எல்லோரும் படிக்கிற பாடம். இவரும் படித்ததுதான். சிவப்பு டேப் சுற்றிய நாளிலிருந்து அதைச் செய்து பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மேஸ்திரிக்குக் காதில் ஒரு இரைச்சல் கேட்டது. முகத்தில் ஈயாடவில்லை. மகள் ஏதோ கேட்டாள். வாய் அசைவது தெரிந்தது, சொல் வந்து சேரவில்லை.

பூச்சிதான் முதலில் அசைந்தான். பையிலிருந்து குழாய்ச் சுருளை எடுத்தான். கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் நிரப்பினான். ஒரு முனையை மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு, மற்ற முனையோடு இருபதடி தள்ளிப் போய் நின்றான். பாம்பாட்டி என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. தண்ணீர் மேலும் கீழும் ஆடி, அடங்கி, நின்றது. இரண்டு பேரும் சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்கள். புள்ளியிலிருந்து வெள்ளைப் பட்டிவரை டேப் வைத்து அளந்தார்கள்.

ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம். நூல் கணக்கில் பத்து.

மேஸ்திரி கூரையைப் பார்த்தார். கூரை நேராக இருந்தது. அந்தக் கொத்தனாரை அவர் ஊர் முழுக்கக் குடிகாரனாக்கியிருந்தார்.

நோயாளிகள் உட்காருகிற நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முதல் அதிர்ச்சி இறங்குவதற்குள் இரண்டாவது வந்து ஏறிக்கொண்டது. எப்போதிலிருந்து? இந்த ஒரு சுவர் மட்டும்தானா? போன மாதம் போட்ட குளியலறை? இரட்டைக் குழந்தைக்காரி வீட்டுத் தரை? பள்ளிக்கூடத்து நடைபாதை? வாங்கின நாளிலிருந்தே இது பொய்தான் சொல்லிக்கொண்டிருந்ததா? ஒவ்வொரு வீடாக மனதுக்குள் போய்க் கதவைத் தட்டினார். ஒவ்வொரு வீட்டுச் சுவரும் இடது பக்கம் சாய்ந்தது.

“அண்ணா” என்றாள் படக்காரப் பெண் மெதுவாக. “இதப் பெருசா எடுத்துக்காதீங்க. கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலை. படத்தை நேராக்கிடுவேன். பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

மகளின் முகம் மலர்ந்தது. “அப்படியே பண்ணிடுங்கக்கா. நாளைக்கு அனுப்பணும். அப்பா, எழுந்திரிங்க, சட்டை கசங்குது.”

மேஸ்திரி எழுந்திருக்கவில்லை. “படத்தை நேராக்கலாம். நாளைக்கு அந்த எஞ்சினியர் கிளம்பி வந்து சுவத்தப் பாத்தா, சுவத்த எந்தக் கம்ப்யூட்டர்ல நேராக்குவ?”

“அப்ப படமே வேணாமா?”

“என்ன படம்? எதக் காட்டறது? எது நேரா இருக்குன்னு எனக்கே தெரியாதப்ப, யார ஏமாத்தறது? எழுதிப் போட்டுடு, வேலை வேணாம்னு.”

“மூணு வருஷம் மாமா.”

எல்லோரும் திரும்பினார்கள். பேசியது பூச்சி.

“என்னடா மூணு வருஷம்?”

“அது கெட்டுப்போயி மூணு வருஷம். நீங்க அன்னிக்குக் கண்ணு காட்ட ஆஸ்பத்திரி போயிருந்தீங்க. நான் மூணாவது மாடியிலேருந்து சாமான் எறக்கினேன். பை கிழிஞ்சுடுச்சு. ரசமட்டம் மட்டும் தனியா எறங்குச்சு. ஒவ்வொரு படியா.”

“ஒவ்வொரு படியாவா?”

“பதினாறு படி.”

மேஸ்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், ஏதோ தானே உருண்ட மாதிரி.

“உடையல. ஒரு கீறல் கூட இல்ல. சந்தேகத்துக்கு என் தண்ணி டியூப் வச்சுப் பாத்தேன். ரெண்டடிக்கு ஒரு நூல் தின்னுது. புதுசு வாங்கி மாத்திடலாம்னு பாத்தா, அதுல இருக்கிற ஒவ்வொரு தழும்பும் உங்களுக்கு மனப்பாடம்.”

“ஏண்டா எங்கிட்டச் சொல்லல? வாய் எதுக்குடா இருக்கு உனக்கு?”

“கரணை ஒண்ணு தொலைஞ்சதுக்கு ஆறு நாள் எங்கூடப் பேசாம இருந்தீங்க. இதுக்கு ஆறு வருஷம் பேசமாட்டீங்கன்னு...”

“அடப்பாவி! அப்ப மூணு வருஷமா நான் போட்டதெல்லாம் கோணலா?”

“இல்ல மாமா. அதெல்லாம் நேராத்தான் இருக்கு.”

மேஸ்திரி அவனை வெறித்துப் பார்த்தார். கோபம் வருகிற வழியில் பாதியில் நின்றுவிட்டது.

சுவரில் டைல்ஸ் பதிக்கும்போது முதலில் ஒரு மரச்சட்டத்தை மட்டம் பார்த்து ஆணி அடிப்பார்கள். முதல் வரிசை அந்தச் சட்டத்தின் மேல் உட்காரும். மற்ற வரிசைகள் முதல் வரிசையின் பின்னாலேயே போகும். சட்டத்தை முந்தின நாள் சாயங்காலம் அடிப்பது மேஸ்திரி. மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கதவைத் திறப்பது பூச்சி.

“டியூபோட ஒரு முனைய ஆணில கட்டிட்டு, இன்னொரு முனைய நான் பிடிச்சுக்குவேன். நீங்க அடிச்ச ஆணியப் பிடுங்கி, சட்டத்த மாத்தி அடிச்சிடுவேன். தரைன்னா நீங்க வச்ச குறிய மாத்திடுவேன். ஒவ்வொரு சுவத்துலயும் ஆணி ஓட்டை ரெண்டு ரெண்டா இருந்துச்சு. நீங்க கவனிக்கல.”

“நடுவுல நான் மட்டம் வச்சுப் பாத்திருப்பேனேடா?”

“ரெண்டு தடவ பாத்தீங்க. குமிழி தள்ளி நின்னுச்சு. ‘சட்டத்துல கை வச்சியா’ன்னு கேட்டீங்க. ஆமான்னேன். அதுக்குள்ள சிமென்ட் காஞ்சு போனதால அப்படியே விட்டுட்டீங்க.”

மேஸ்திரிக்கு ஞாபகம் வந்தது. இரண்டாவது தடவை வீட்டுக்காரர்கள் எதிரில் வைத்துத் திட்டினார். உன் கை பட்டால் நேராக இருப்பதும் கோணும் என்றார். நீ கல் சுமக்கத்தான் லாயக்கு என்றார். பூச்சி ஒரு வார்த்தை பேசாமல் மணல் சலிக்கப் போனான். அதன் பிறகு வந்த வேலைதான் இந்தக் கிளினிக். அதனால்தான் இந்தச் சுவரில் அவன் கை படக் கூடாது என்று சட்டம் போட்டார்.

“அப்ப இந்த ஒரு சுவருதான் தப்பிப்போச்சா?”

“இன்னொண்ணு இருக்கு மாமா. உங்க வீட்டு சமையல் மேடை. லீவு நாள்ல எனக்குச் சொல்லாம நீங்களே போட்டுட்டீங்க.”

மேஸ்திரிக்குச் சாயச் சீசா உருண்டது கண்ணுக்குள் ஓடிற்று. அதற்குப் பின்னால் ஒரு வருஷத்து முட்டைகளும் வெங்காயங்களும் உருண்டன.

“கழிப்பறை நீ போட்டதுதானே?” என்றார் கடைசியில்.

“ஆமா.”

“நட.”

பின்பக்கம், மருந்துப் பெட்டிகளைத் தாண்டி, ஆறடிக்கு ஐந்தடி அறை. வெள்ளை டைல்ஸ், மூலைக்கு மூலை டைல்ஸுக்கு நடுவில் ஒரே அளவு இடுக்கு, கோடுகள் கத்தியால் கிழித்த மாதிரி. தரை, தண்ணீர் போகிற ஓட்டையை நோக்கி நாலா பக்கமும் ஒரே அளவில் இறங்கியது. ஒன்றரை வருஷத்தில் மேஸ்திரி இந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. குழாயின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையைப் பூச்சி பிடித்தான். தண்ணீர் ஆடி அடங்கியது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வரிசை இடுக்கில், மயிரிழைகூட மாறாமல் நின்றது.

மேஸ்திரி வாய் திறந்தபடி நின்றார். தன்னோடு பதினோரு வருஷம் மண் சுமந்தவனை இப்போதுதான் யாரோ அறிமுகம் செய்து வைத்த மாதிரி இருந்தது.

‘க்ளிக்’ என்று சத்தம் கேட்டது. படக்காரப் பெண் கதவுக்கு வெளியே மண்டியிட்டுக் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“எடுத்துட்டீங்களா? இருங்க, மூஞ்சியச் சரி பண்ணிக்கறேன்.”

“வேணாண்ணா. இதான் சரியா இருக்கு.”

“அப்பா, கக்கூஸ்ல நின்ன படத்தையா கம்பெனிக்கு அனுப்பறது?” மகள் தலையில் கை வைத்தாள். “தொழிலுக்குப் பேரு வச்ச மொத நாளே!”

“கக்கூஸ்தான் நேரா இருக்கு. அதத்தான் அனுப்பணும். மாமன் பேரையும் போடு.”

மத்தியானம் டாக்டரம்மா வந்தார். அவருக்கு முன்னால் மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பல் பிடுங்க வந்தவர்கள்கூட அவ்வளவு வெளிறிப்போய் அங்கே நின்றதில்லை. சுவர் கோணல், தப்பு தன்னுடையது, இரண்டு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தால் தன் செலவிலேயே உடைத்துப் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார். டாக்டரம்மா சுவரைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“அதான் விஷயமா? இதுக்கு எதிர்ல உக்கார்றவங்க எல்லாருமே தலையச் சாய்ச்சுக்கிட்டுதான் உக்காருவாங்க. நான் பல்வலின்னு நெனச்சேன்.”

படக்காரப் பெண் முதலில் சிரித்தாள். பிறகு மகள். பூச்சிகூடச் சிரித்தான். அவன் சிரித்து மேஸ்திரி அன்றைக்குத்தான் பார்த்தார். அதுவும் ஒரு அதிர்ச்சிதான்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்லவில்லை. திங்கட்கிழமை படங்கள் போய்ச் சேர்ந்தன, அன்றைக்கும் சொல்லவில்லை. சமையலறைப் பக்கமே தலைகாட்டாமல் தண்ணீரைக்கூட வாசல் குழாயில் பிடித்துக் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை எஞ்சினியர் போன் செய்தார். “எல்லாரும் பளபளன்னு வரவேற்பறையக் காட்டறாங்க. கழிப்பறையக் காட்டின மொத ஆளு நீங்கதான். அதுல ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?”

மேஸ்திரி ரசமட்டம் உருண்ட கதை முழுவதையும் சொன்னார். கோணல் சுவர் எந்தக் கிளினிக்கில் இருக்கிறது என்பதையும் சொன்னார். மகள் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒரு மாடி போட்டுக் காட்டுங்க” என்றார் எஞ்சினியர். “மிச்சத்தை அப்புறம் பேசலாம். அந்தக் குழாய்க்காரர் கண்டிப்பா வரணும்.”

மேஸ்திரி போனை வைத்த அதே நேரம், உள்ளே எதுவோ ‘சடக்’கென்று உடைந்தது.

“மறுபடியும் முட்டை!” மனைவியின் குரல் கூரையைப் பிய்த்தது. “இந்த மேடைய ஒண்ணு நீங்க உடைக்கணும், இல்ல நான் உடைக்கணும்!”

இனித் தப்ப முடியாது. மேஸ்திரி பூச்சியின் பையிலிருந்து குழாயை எடுத்துத் தண்ணீர் நிரப்பினார். சமையலறைக்குள் போய், ஒன்றும் பேசாமல் ஒரு முனையை மனைவி கையில் கொடுத்தார். மேடையின் வலது கோடியில் அவளை நிறுத்தினார். இடது கோடியில் தான் நின்றார். தண்ணீர் ஆடியது, அடங்கியது. அவள் தன் பக்கத்துத் தண்ணீரைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், புருஷன் பக்கத்துத் தண்ணீரைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாயம் பூசின மீசைக்குக் கீழே அவர் வாய், படத்தில் இருந்த மாதிரியே திறந்திருந்தது.

“ஏங்க” என்றாள் அவள், குழாயைக் கீழே இறக்காமல். “கூடம் கோணல்னு சொன்னவளுக்கு ஆடத் தெரியும் போல இருக்கே?”